சாக்கும் பெட்டியும்

போன மாதம் எங்கள் வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. மகள் வாங்கி அனுப்பிய பிளாஸ்டிக் பெட்டியைக் கண்டதும் பீரோவுக்கு அடியில் போனதுதான். முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. இழுக்கப் போன என் கையில் மூன்று கீறல். ஆனாலும் அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள எங்கள் கரிசல் காட்டு ஊர்களில் அந்தக் காலத்தில் பூனையை எதிலாவது போட்டுத் தூக்குகிறார்கள் என்றால் ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ கொண்டுபோய் விடப் போகிறார்கள். மண் குலுக்கையில் கம்பும் சோளமும் கிடந்ததால் எலிக்காகப் பூனை வேண்டும். வருஷத்துக்கு இரண்டு ஈத்து ஈன்றால் அத்தனையையும் யார் வைத்துக்கொள்வது? பால் சட்டியை உருட்டினாலும் சாக்குதான்.

நானும் தூக்கியிருக்கிறேன். 1963, எனக்குப் பத்து வயது. வழி தெரியக் கூடாதென்று ஆச்சி சாக்கை மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னார். "திரும்பிப் பாக்காம வந்துருலே" என்றார். மதுரை - தூத்துக்குடி ரயில் பாதையைத் தாண்டி (1876இல் ஓடத் தொடங்கிய தடம் அது) ஒரு பருத்திக் காட்டில் அவிழ்த்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அடுப்படியில் படுத்திருந்தது! ஆச்சி ஒன்றும் பேசாமல் மோர்ச்சோறு வைத்தார். அடுத்த முறை சித்தப்பா மாட்டு வண்டியில் கொண்டுபோனார். அது வரவில்லை. அதன் குட்டி ஒன்று இரண்டு நாள் வாசலில் கத்திக்கொண்டே கிடந்தது.

வைத்தியத்துக்கு யாரும் பூனையைக் கொண்டுபோனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கால்நடை மருத்துவமனைக்கு ஊரில் பெயரே மாட்டாஸ்பத்திரி. உழவு மாடு படுத்தால் வீடே படுத்துவிடும் என்கிற பூமியில் அதைக் குறை சொல்லவும் முடியாது.

இத்தனைக்கும் அதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர். நடனக்காரர் என்றே அவரை நமக்குத் தெரியும். பிராணிகளுக்காக அங்கே தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடினார். அந்த முயற்சியின் பலன்தான் 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11ஆம் பிரிவுப்படி, வளர்த்த பிராணியைத் தக்க காரணமில்லாமல் கைவிடுவது குற்றம். வலிக்கும்படி தூக்கிப் போவதும், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். நான் சாக்கைத் தூக்கிய அன்று அது நாடாளுமன்றத்தில் நிறைவேறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

டாக்டரிடம் போனில் கேட்டேன். "பெட்டியை அன்றைக்கு மட்டும் எடுக்காதீர்கள் சார். கதவைத் திறந்து கூடத்திலேயே போட்டு வையுங்கள், சாப்பாட்டையும் அதற்குள்ளேயே வையுங்கள்" என்றார். என் பழைய துண்டை விரித்து வைத்தேன். முதல் நாள் சுற்றி வந்து முகர்ந்ததோடு சரி. ஐந்தாம் நாள் தானே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. மெதுவாகக் கதவைச் சாத்தினேன்.

ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன், அதன் முகம் ரோட்டைப் பார்த்து இருக்கும்படி. வழி தெரியட்டும்.