விளையாட்டுக் காசும் அரசாங்கச் சட்டமும்

காசு என்பது யாது? பொன் என்பர் சிலர். வெள்ளி என்பர் சிலர். அரசாங்க முத்திரை பதித்த கடதாசி என்பர் இன்னுஞ் சிலர். ஆனால், சோழியும் உப்பும் தோலுங்கூடக் காசாக வழங்கிய காலங்கள் உலக சரித்திரத்தில் உண்டு. ஆகவே, காசுக்கு உயிர் கொடுப்பது அது செய்யப்பட்ட பொருளன்று. கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே நிலவும் நம்பிக்கையே என்பது தெளிவாகும்.

நம் காலத்திலே கையால் தொடவும் இயலாத ஒரு காசு தோன்றியிருக்கிறது. அது கணனி விளையாட்டுக்குள்ளே வழங்குவதற்கென்றே பிறந்த காசு. "விளையாட்டுக் காசுக்கும் ஒரு சட்டமா?" என்று பெரியோர் நகைக்கலாம். "எங்கள் விளையாட்டில் அரசாங்கத்துக்கு என்ன அலுவல்?" என்று இளைஞர் சினக்கலாம். இரு சாராரும் சிறிது பொறுத்தருளல் வேண்டும். இக்காசினைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர முதன்மையாக முயன்ற நாடுகளுள் ஒன்று சீன தேசம். அத்தேசத்தின் வரலாற்றை நாம் ஆராயப் புகுந்தால், இன்றைய வழக்கின் வேர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊன்றியிருத்தலைக் காண்போம்.

பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில், சொங் வமிசத்தார் ஆட்சியில், சிச்சுவான் மாகாணத்து மக்கள் இரும்புக் காசையே வழங்கி வந்தனர். இரும்புக்கு விலை குறைவு, பாரமோ அதிகம். சந்தைக்குச் செல்பவன் வாங்கும் பண்டத்தினும் கொடுக்கும் காசே பாரமாயிருந்த விந்தையை எண்ணிப் பாருங்கள். ஆதலால் வணிகர், மக்களுடைய இரும்புக் காசைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகக் கடதாசிச் சீட்டு எழுதிக் கொடுத்தனர். அச்சீட்டுக்கு 'ஜியாவோசி' என்று பெயர். செங்டூ நகரத்துச் செல்வ வணிகர் பதினாறு குடும்பத்தார் இதனை வெளியிடும் உரிமை பெற்றிருந்தனர். நாளடைவில் அவருட் சிலர் மக்கள் வைத்த காசை வேறு தொழில்களில் முடக்கினர். சீட்டைக் கொண்டுவந்தவனுக்குக் கொடுக்கக் காசில்லை, வழக்குகள் பெருகின. ஈற்றில் 1023 ஆம் ஆண்டில் அரசாங்கம் இதற்கெனத் தனியான காரியாலயம் நிறுவிச் சீட்டு வெளியிடும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. 1024 ஆம் ஆண்டில் 1,256,340 கோவைக் காசு பெறுமதியான சீட்டுகள் வெளியாயின. 360,000 கோவை இரும்புக் காசு ஈடாக வைக்கப்பட்டது. உலகத்தில் அரசாங்கம் வெளியிட்ட முதற் கடதாசிக் காசு இதுவே என்பது சரித்திர ஆசிரியர் கருத்து.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? தனியார் எழுதிய சீட்டு ஒரு கடைக்குள் வழங்கும்வரை அரசன் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அது கடையைக் கடந்து சந்தைக்கு வந்து, எல்லோரும் அதனைக் காசென நம்பத் தொடங்கியபோதே அரசாங்கம் விழித்துக்கொள்கிறது. இதனை மனத்திருத்தி நமது காலத்துக்கு வருவோம்.

இணைய விளையாட்டை அறியாத பெரியோர் பொருட்டு ஒரு சொல். இது சதுரங்கம் போல இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடுவதன்று. ஆயிரக்கணக்கானோர், வெவ்வேறு ஊர்களில் இருந்தவாறே, ஒரே கற்பனை உலகத்துள் ஒரே வேளையில் புகுகின்றனர். ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு வீரனின் உருவம் உண்டு. அவ்வீரன் விலங்குகளை வென்றால் பொற்காசு பெறுவான். அக்காசினால் வாளுங் கவசமும் வாங்குவான். சிறந்த வாளொன்றைப் பெறுதற்குப் பல மாதம் ஆட வேண்டும். பொழுதில்லாதவனிடம் பணமிருக்கும், பணமில்லாதவனிடம் பொழுதிருக்கும். இவ்விருவரும் சந்திக்கும் இடத்தில் வியாபாரம் பிறப்பது இயற்கையே அன்றோ? விளையாட்டுப் பொற்காசு மெய்யான பணத்துக்கு விலையாகத் தொடங்கியது.

இவ்வாறு பிறந்த வியாபாரம் சீனாவில் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. முதலாளிமார் கணனிகளை வரிசையாக அடுக்கி, இளைஞரைக் கூலிக்கு அமர்த்தினர். அவர்கள் இரவு பகலாக ஒரே விலங்கைக் கொன்று கொன்று பொற்காசு திரட்டுவர். அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள செல்வ ஆட்டக்காரருக்கு விற்கப்படும். இத்தொழிலை ஆங்கிலேயர் 'பொன் விவசாயம்' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். மான்செஸ்டர் சர்வகலாசாலைப் பேராசிரியர் ரிச்சார்ட் ஹீக்ஸ், 2008 ஆம் ஆண்டில், உலகெங்கும் சுமார் 400,000 பேர் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர் என்றும், நூற்றுக்கு 80 முதல் 85 வரையானோர் சீனர் என்றும், அவர்தம் சராசரி மாத வருமானம் 145 அமெரிக்க டொலர் என்றும் மதிப்பிட்டார். ஒருவனுக்கு விளையாட்டாக இருப்பது மற்றொருவனுக்கு வயிற்றுப்பாடாக மாறியது.

தொழில் வளர, வழக்கும் வளர்ந்தது. இரண்டு ஆண்டுகள் பாடுபட்டுத் திரட்டிய ஆயுதங்களைக் களவு கொடுத்த ஓர் ஆட்டக்காரர், விளையாட்டை நடத்திய கம்பனிமீது பெய்ஜிங் நகரத்து நீதிமன்றம் ஒன்றில் வழக்குத் தொடுத்தார். அவை வெறும் கணனிப் பதிவுகளே என்பது கம்பனியின் வாதம். நீதிமன்றமோ 2003 டிசெம்பரில் அவற்றை அவருக்கு மீளக் கொடுக்குமாறு தீர்ப்பளித்தது. ஆனால் ஷாங்காயில் நிகழ்ந்தது துன்பியல். ஒருவர் தம் நண்பருக்கு இரவல் கொடுத்த விளையாட்டு வாளினை அந்நண்பர் 7,200 யுவானுக்கு விற்றுவிட்டார். வாளுக்கு உரியவர் பொலிசாரிடம் முறையிட்டபோது, அது சட்டம் காக்கும் சொத்தன்று என்ற விடையே கிடைத்தது. 2005 ஆம் ஆண்டில் அவர் நண்பரைக் குத்திக் கொன்றார். நிறைவேற்றல் இரண்டாண்டு ஒத்திவைக்கப்பட்ட மரண தண்டனையும் பெற்றார். கொலை கொலையே, அதற்கு நியாயம் கற்பிப்பார் எவருமில்லை. எனினும், சட்டம் கைவிரித்த இடத்திலே கத்தி புகுந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இவ்வழக்குகள் ஆட்டக்காரரின் வழக்குகள். அரசாங்கத்தின் கவலையோ வேறோரிடத்திலே தொடங்கியது. சென்சென் நகரத்து டென்சென்ட் கம்பனி 2002 ஆம் ஆண்டில் 'கியூ காசு' என்னும் ஒன்றை வெளியிட்டது. ஒரு யுவான் கொடுத்தால் ஒரு கியூ காசு. அக்கம்பனியின் இணையச் சேவைகளையும் விளையாட்டுப் பொருள்களையும் வாங்குதற்கே அது ஏற்பட்டது. ஆனால் கோடிக்கணக்கான சீனர் அக்கம்பனியின் அரட்டைச் சேவையைப் பயன்படுத்தியமையால், காசு தன் வேலியைத் தாண்டியது. வேறு வியாபாரிகள் அதனை ஏற்றனர். சூதாட்டத்திலும் அது புகுந்தது. அதனை மீண்டும் யுவானாக மாற்றித் தரும் தரகர் தோன்றினர். 2006 ஆம் ஆண்டின் இறுதியில், தேசத்தின் நாணயத்துக்கே இதனால் ஊறு நேருமோ என்ற விவாதம் சீனப் பத்திரிகைகளில் எழுந்தது. செங்டூ வணிகரின் சீட்டு வேறு உருவில் மீண்டும் சந்தைக்கு வந்துவிட்டது என்றே நாம் சொல்லலாம்.

அரசாங்கம் படிப்படியாகவே அடியெடுத்து வைத்தது. 2007 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பதினான்கு அரசாங்கத் திணைக்களங்கள் கூட்டாக ஓர் அறிவித்தல் விடுத்தன. விளையாட்டுக் கம்பனிகள் வெளியிடும் காசின் மொத்த அளவும், தனியொருவர் வாங்கும் அளவும் மட்டுப்படுத்தப்படல் வேண்டும். அக்காசினால் மெய்யான பண்டங்களை வாங்குதல் ஆகாது. அதனை மீளப் பணமாக்கினால் முதலில் வாங்கிய தொகைக்கு மேற்படலாகாது. அதனை வாங்கி விற்று இலாபமீட்டுதல் கூடாது என்பன அதன் விதிகள். 2008 ஆம் ஆண்டில் வரித் திணைக்களத்தார், இக்காசை மக்களிடம் வாங்கி விலையேற்றி விற்போர் பெறும் இலாபத்துக்கு நூற்றுக்கு 20 வீதம் வருமான வரி உண்டு என அறிவித்தனர். ஒரு திணைக்களம் விலக்கிய தொழிலுக்கு மறு திணைக்களம் வரி கேட்டது! அரசாங்கத்தின் வலக்கை செய்வதை இடக்கை அறியாத வேளைகள் எல்லாத் தேசத்துச் சரித்திரத்திலும் உண்டு.

2009 ஜூன் மாதத்தில் கலாசார அமைச்சும் வர்த்தக அமைச்சும் கூடி விரிவான விதிகளை வெளியிட்டன. ஒரு கம்பனியின் விளையாட்டுக் காசு அக்கம்பனியின் கற்பனைப் பொருள்களையும் சேவைகளையும் பெறுதற்கன்றி வேறெதற்கும் உதவலாகாது என்பது முதல் விதி. காசை வெளியிடும் கம்பனியே அதன் சந்தையையும் நடத்தலாகாது என்பது இரண்டாவது. ஆடுபவனே நடுவனாகவும் இருத்தல் தகாது என்னும் நியாயமே இதன் உட்பொருள். வயது வராத பிள்ளைகளுக்குக் காசு மாற்றும் சேவை விலக்கப்பட்டது. ஆட்டக்காரரிடம் முன்பணம் திரட்டும் நோக்குடன் காசை மிகுதியாக வெளியிடுதலும், பணம் வாங்கிச் சீட்டிழுப்பு முறையில் பொருள் கொடுத்தலும் தடுக்கப்பட்டன. விளையாட்டை நிறுத்த விரும்பும் கம்பனி 60 நாட்களுக்கு முன்பே அறிவித்து, செலவழியாத காசுக்கு ஈடு கொடுத்தல் வேண்டும். செங்டூ வணிகரிடம் சீட்டோடு சென்று வெறுங்கையோடு திரும்பிய மக்களை நினைவு கூர்வோமாயின், இவ்விதியின் அருமை விளங்கும்.

இவையாவும் நல்ல விதிகளே. ஆயினும் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. 'விளையாட்டுக் காசு' எது என அவ்விதிகள் வரையறுத்தபோது, கம்பனி வெளியிட்டு, மக்கள் மெய்யான பணங் கொடுத்துப் பெறுகின்ற, விளையாட்டுக்குப் புறம்பே கணக்கில் வைக்கப்படுகின்ற காசையே கருதின. ஆடும்போது கிடைக்கும் பொருள்கள் அவ்வரையறையில் அடங்கா. பொன் விவசாயம் அடியோடு ஒழிந்தது என அந்நாளில் மேனாட்டுச் சஞ்சிகைகள் சில எழுதின. விதியின் வாசகமோ அவ்வாறு சொல்லவில்லை. கூலிக்கு அமர்ந்து இரவெல்லாம் விலங்கு கொன்ற இளைஞனைப் பற்றி அது தடையும் சொல்லவில்லை, காப்பும் சொல்லவில்லை. அரசாங்கம் காசைக் கண்டது. காசைத் திரட்டிய கையைக் காணவில்லை.

அக்கையைக் கண்ட நீதிமன்றம் அயல்நாடாகிய தென்கொரியாவிலே இருந்தது. அங்கே 2006 ஆம் ஆண்டில், விளையாட்டு என்ற பெயரில் நடந்த சூதாட்ட இயந்திரங்களால் பெரும் ஊழல் வெளிப்பட்டது. அதன் பயனாக, விளையாட்டில் கிடைப்பவற்றைப் பணமாக்கித் தரும் வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் 2007 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 'லினியேஜ்' என்னும் விளையாட்டின் காசை வாங்கி விற்ற இருவர்மேல் அச்சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. அவர்களது விடுதலையை 2009 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. இக்காசு சூதிற்போல அதிட்டத்தால் வந்ததன்று. ஆட்டக்காரர் செலவிட்ட காலத்தாலும் முயற்சியாலும் வந்தது என்பதே தீர்ப்பின் சாரம். 2012 ஆம் ஆண்டில் அந்நாட்டரசு விதியை மேலும் திருத்தி, மனிதன் ஆடாமல் தானியங்கிக் கணனி நிரல்கள் திரட்டிய பொருள்களை வியாபாரம் செய்வதைத் தடுத்தது. உழைப்பு வேறு, சூது வேறு, பொறியின் வேலை வேறு எனப் பகுத்து நோக்கும் முறை இவ்வாறு தோன்றிற்று.

சீனாவில் 2010 ஆம் ஆண்டில் இவ்விதிகள் விரிந்த ஒழுங்குச் சட்டமாக வகுக்கப்பட்டன. திணைக்களங்களின் பொறுப்பு மாறியமையால் அவ்வொழுங்குகள் 2019 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. 2021 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த குடியியற் சட்டத் தொகுப்பின் 127 ஆவது பிரிவு, இணையத்திலுள்ள கற்பனைச் சொத்தினையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகின்றது. அதன் காப்பினை வேறு சட்டங்களுக்கு விட்டுவிடுகின்றது. ஷாங்காயில் "சொத்தன்று" எனச் சொல்லப்பட்ட பொருள், ஆண்டுகள் பல கழித்துச் சட்டப் புத்தகத்தின் வாயிலை மட்டும் வந்தடைந்திருக்கிறது.

இவற்றிலிருந்து நாம் அறியத்தக்கது என்ன? எந்தக் காசைப் பற்றியும் மூன்று வினாக்கள் உண்டு. இதனை வெளியிட்டவர் யார்? அவர் வாக்கு மாறினால் ஏமாறுபவர் யார்? இதற்காக உழைத்தவர் யார்? முதல் இரு வினாக்களை அரசாங்கங்கள் ஆயிரம் ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. விடையும் ஓரளவு கண்டுள்ளன. மூன்றாவது வினாவே பின்தங்கி நிற்கிறது. இரும்புக் காசாயினும், கடதாசிச் சீட்டாயினும், திரையில் மின்னும் பொற்காசாயினும், அதன் பின்னே ஒரு மனிதனுடைய பொழுது கரைந்திருக்கிறது.

இரவிரவாகக் கணனி முன் அமர்ந்திருக்கும் நம் வயதினருக்கு நாம் கூற விரும்புவது ஒன்று: நீங்கள் செலவிடுவது விளையாட்டுக் காசன்று, மெய்யான ஆயுள். பெரியோருக்குப் பணிவுடன் கூற விரும்புவதும் ஒன்றே: விளையாட்டென்று புறக்கணிக்கப்பட்ட இடத்திலே கூலியும் களவும் சூதும் கொலையும் நிகழ்ந்தன, ஆதலால் அங்கே நீதியும் செல்லுதல் வேண்டும். காசைக் காக்கும் சட்டம் அரசுக்கு அழகு. உழைத்தவனைக் காக்கும் சட்டமே அறத்துக்கு அழகு.