வீட்டிலேயே செய்யக்கூடிய நான்கு விஞ்ஞானப் பரிசோதனைகள்

1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் பற்றறி கிடைப்பது அரிது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் வீட்டில் வானொலிச் செய்தி கேட்போம். சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் குரலும் தேய்ந்துவிடும். பின்னர் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் பற்றிப் படித்தபோது எனக்கு அது புதிதாக இருக்கவில்லை.

ஆய்வுகூட வசதி குறைந்த பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கும் விஞ்ஞானம் கைக்கெட்டும் என்பதை அன்றே அறிந்துகொண்டேன். கீழே நான்கு பரிசோதனைகளைத் தருகிறேன். ஒவ்வொன்றையும் தொடங்குமுன், என்ன நடக்கும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் பிழையென்றால் ஏசாதீர்கள். செய்து பார்த்துத் தானே திருத்திக்கொள்ளட்டும்.

1. மஞ்சள் தாள்

ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைச் சிறிது தண்ணீரில் குழைத்து, வெள்ளைத் தாளில் பூசி உலர விடுங்கள். அதில் சவர்க்கார நீரைத் தொட்டு வைத்தால் அந்த இடம் செங்கபில நிறமாகும். அதன்மேல் தேசிக்காய்ச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். சவர்க்காரம் காரம், தேசிக்காய் அமிலம். மஞ்சள் இங்கே காட்டியாகத் தொழிற்படுகிறது. செவ்வரத்தம் பூவிதழ்களைச் சுடுநீரில் ஊறவைத்து எடுக்கும் சாறும் ஒரு காட்டிதான். அது தேசிக்காய்ச் சாற்றில் சிவப்பாகும், அப்பச்சோடாக் கரைசலில் பச்சை கலந்த நிறமாகும்.

2. மிதக்கும் முட்டை

ஒரு கிளாஸில் பாதியளவு தண்ணீர் எடுத்து, பச்சை முட்டையை மெதுவாக இடுங்கள். நல்ல முட்டை தாழும். முட்டையை வெளியே எடுத்து, உப்பை ஒவ்வொரு தேக்கரண்டியாகக் கரைத்து, ஒவ்வொரு முறையும் முட்டையை இட்டுப் பாருங்கள். எத்தனையாவது கரண்டியில் மிதக்கிறது என்று பிள்ளை எழுதி வைக்கட்டும். உப்புநீரின் அடர்த்தி கூடியது என்பதே காரணம்.

முட்டை மிதந்தபின், நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் விட்டு மெதுவாக வழிய விடுங்கள். நல்ல தண்ணீர் மேலேயும் உப்புநீர் கீழேயுமாக நிற்க, முட்டை நடுவில் தங்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குள் நிலத்தடி நீர் இருப்பதும் இப்படித்தான். மழைநீர், கடல்நீருக்கு மேலே ஒரு படையாக நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலே ஏறும். கிணறு ஏன் உவராகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கிளாஸைக் காட்டலாம்.

3. மெழுகுதிரியும் தண்ணீரும்

பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். தட்டில் மெழுகுதிரியை நிறுத்தி, சிறிது தண்ணீர் ஊற்றி, திரியைக் கொளுத்தி, கிளாஸைக் கவிழ்த்து மூடுங்கள். சுடர் அணையும், தண்ணீர் கிளாஸுக்குள் ஏறும். எரிந்து முடிந்த ஒட்சிசனின் இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது என்றே பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது முக்கிய காரணமல்ல. சுடரின் வெப்பத்தால் விரிந்த வளி, சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. அப்போது வெளியேயுள்ள வளிமண்டல அமுக்கம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. அதே கிளாஸால் இரண்டு மெழுகுதிரிகளை மூடிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஒட்சிசன் கூடவில்லை, ஆனால் தண்ணீர் கூடுதலாக ஏறும்.

4. சைக்கிள் டைனமோ

டைனமோவும் விளக்கும் பூட்டிய பழைய சைக்கிள் இருந்தால் போதும். மெதுவாகச் சுற்றினால் விளக்கு மங்கலாகவும் வேகமாகச் சுற்றினால் பிரகாசமாகவும் எரியும். உள்ளே கம்பிச் சுருளுக்கு அருகில் ஒரு காந்தம் சுழல்கிறது. மைக்கேல் பரடே 1831இல் கண்டறிந்த தத்துவம் இது. வீட்டு மின்சாரத்தோடு மட்டும் எதையும் இணைக்க விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று

ஆர்வமுள்ள பிள்ளை கம்பியும் காந்தமும் இரும்புத் துண்டும் தேடி வளவெல்லாம் அலையும். நான் அலைந்தேன். எங்கள் மண்ணில் வெடிக்காத பொருட்கள் இன்னும் கிடக்கின்றன. வெளியே துருப்பிடித்திருந்தாலும் உள்ளேயிருக்கும் வெடிமருந்து செயலிழந்திருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே பரிசோதனைக்கான பொருட்களை வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ மட்டும் எடுக்கட்டும். இனந்தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடக்கூடாது, கல்லால் எறியக்கூடாது, நெருப்பில் போடக்கூடாது. வந்த வழியாலேயே திரும்பி வந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் உடனே கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள்.

மஞ்சள் தூளை எடுத்துக் கொடுக்குமுன் இதைச் சொல்லிக் கொடுங்கள்.