பரிசுப் போட்டிகளும் ஃபர்வானியாவின் வரிசையும்

1994 முதல் 1997 வரை ஃபர்வானியாவில் பதினொரு பேர் ஒரே அறையில் இருந்தோம். குவைத் விமான நிலையத்தில் இறங்கும் எவரும் ஃபர்வானியா மாகாணத்து மண்ணில்தான் முதலில் கால் வைக்கிறார். எம்மில் பலர் அதற்கப்பால் போனதுமில்லை. அறையில் மூத்தவர் மன்னார்க்காரர். வீடொன்றுக்குச் சாரதியாக வந்து, சம்பளம் கிடைக்காமல் வெளியேறியவர். கடவுச்சீட்டு முதலாளியிடம், வதிவிட அனுமதியோ காலாவதி. அவருக்கு நீரிழிவு. ஜேர்மனியிலிருந்த மருமகன் குளுக்கோஸ் மீற்றர் ஒன்றைப் பொதியில் அனுப்பியிருந்தார். அக்காலத்தில் அது பெரிய விடயம். அவர் விரலில் குத்தி இரத்தம் வைத்தால், இலக்கம் தோன்றும்வரை அறையே சுற்றி நிற்கும்.

ஒருநாள் 380 என்று காட்டியது. காலில் புண்ணும் இருந்தது. வைத்தியநிலையத்தில் முதலில் கேட்பது நோயை அல்ல, சிவில் அட்டையை. அட்டையில்லாதவர் பொலிசிடம் போய்ச் சேரலாம் என்ற பயம். இறுதியில் இன்னொருவரின் அட்டையோடு அவரைக் கூட்டிச் சென்றபோது மூன்று வாரம் கழிந்திருந்தது. வலி எப்போதிருந்து என்பதை அரபியில் சொல்லவும் எங்களில் ஆளில்லை; மலையாளத் தாதி ஒருவர்தான் இடையில் நின்று கேட்டுச் சொன்னார். இரண்டு கால்விரல்களை எடுக்கவேண்டி வந்தது. பதிவேட்டில் அந்த விரல்கள் இன்றுவரை அட்டைக்காரருடையவை.

இதை இப்போது எழுதக் காரணமுண்டு. இங்கு பிறந்து வளர்ந்து பொறியியல் படித்த எம் பிள்ளைகள் மூவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார்கள். சுகாதார வசதி எல்லோருக்கும் நியாயமாகக் கிட்ட உதவும் தொழில்நுட்பத்துக்கு நிதி வழங்கும் போட்டியொன்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறார்களாம். வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்காக ஒரு தொலைபேசிச் செயலி, அதோடு சிறிய பரிசோதனைக் கருவி. 'அங்கிள், வரலாற்றுப் பின்னணி ஒரு பக்கம் எழுதித் தாருங்கோ' என்றார்கள். எழுதத் தொடங்கினேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

பரிசு அறிவித்துத் தீர்வு தேடுவது புதிய முறையல்ல. கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கும் வழிக்கு 1714இல் பிரித்தானியப் பாராளுமன்றம் 20,000 பவுண் வரை அறிவித்தது. ஜோன் ஹரிசன் என்ற தச்சர் மகன் கடிகாரம் செய்து காட்டினார். தீர்ப்பளிக்க இருந்த கனவான்கள் நிபந்தனைகளை மாற்றிக்கொண்டே போனார்கள். 1773இல், எண்பது வயதில், பாராளுமன்றம் தலையிட்ட பின்னரே அவருக்கு இறுதித் தொகை கிடைத்தது. அதே பெயரில் 2014இல் இன்னொரு பரிசு அறிவிக்கப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லிகள் பயனற்றுப் போவதைத் தடுக்க விரைவான பரிசோதனை தேவை என்றார்கள். பத்து ஆண்டுகள் கழித்து 2024 ஜூனில், சிறுநீர்த் தொற்றை முக்கால் மணி நேரத்தில் சோதித்துச் சொல்லும் கருவிக்கு 80 இலட்சம் பவுண் கிடைத்தது. நல்ல கருவி. அதில் எனக்கு ஐயமில்லை.

எமக்கு நெருக்கமான உதாரணம் பெரிபெரி. சிங்களத்திலிருந்து வந்த சொல் என்று பரவலாகக் கூறப்படும் இந்த நோய், கால் வீங்கி, நடை தளர்ந்து, இதயம் நின்று ஆட்களைக் கொன்றது. கம்பனியின் சிப்பாய்களும் செத்தார்கள். கம்பனிக்குக் கவலை வந்ததும் அப்போதுதான். மதராஸ் அரசின் மருத்துவத்துறை இந்நோய் பற்றிய சிறந்த கட்டுரைக்குப் பரிசு அறிவித்தது. மல்கம்சன் என்ற கம்பனி மருத்துவர் அதை வென்றார். கட்டுரை 1835இல் மதராஸில் நூலாகவும் வந்தது. பரிசு கொடுத்தாயிற்று, நோய் போகவில்லை. 1890களில் பத்தேவியாவில் ஐக்மன் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் தள்ளாடுவதைக் கண்ட பிறகே வழி திறந்தது. 1905ஐ அடுத்து கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் பிளெச்சர் என்பவர் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மறுபகுதியினருக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டோரிடமே நோய் கண்டது. மலாயாவில் பணியாற்றிய பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் இன்னும் தெளிவாகச் சொன்னார்: தீட்டிய பச்சரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர் மடிகிறார்கள், புழுங்கலரிசி உண்ணும் தமிழ்க் கூலிகளை நோய் அநேகமாக அண்டுவதில்லை.

நெல்லை உமியோடு அவிக்கும்போது உயிர்ச்சத்து பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்த வேலையை எங்கள் முற்றங்களில் பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்தார்கள். பரிசு அறிவித்தவர்கள் அவர்களின் பானைக்குள் எட்டிப் பார்க்கவில்லை; வினாவே சிப்பாயின் உடல்பற்றிய வினாவாகத்தான் இருந்தது. உடனே முன்னோர் பெருமை பேசப் புறப்படுவோருக்கு ஒரு சொல்: அதே தமிழ்க் கூலிகள் அதே மலாயாத் தோட்டங்களில் மலேரியாவால் கும்பல் கும்பலாக மடிந்தார்கள். புழுங்கலரிசி நுளம்பை விரட்டாது.

இனி வளைகுடா. அபுதாபியில் 2008இல் எரிசக்திக்கெனத் தொடங்கிய சயீத் பரிசு பின்னர் சுகாதாரத்தையும் சேர்த்துக்கொண்டது. 2019இல் அப்பிரிவின் பரிசு, மின்சாரமில்லாத பிரசவ அறைகளுக்குச் சூரிய ஒளிப் பெட்டி கொடுக்கும் அமைப்புக்குப் போனது. 2025இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கண்டறியும் கையடக்கக் கருவி செய்த இந்திய நிறுவனத்துக்குக் கிடைத்தது. இரண்டும் தகுதியானவையே. தூரத்து ஏழைக்கு வழங்கப்படும் ஒளி இது. அதே வளைகுடாவுக்குப் போக எங்களுக்குக் கொழும்பில் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். வாழ்க்கையில் முதன்முதலாகப் பலருக்குக் கிடைத்த முழுமையான மருத்துவப் பரிசோதனை அதுதான். அது எம்மைக் குணப்படுத்த அல்ல, கழித்துவிட.

குவைத்தில் நான் இருந்த காலத்துக்குப் பின்னர் சட்டங்களே வரிசையைப் பிரிக்கத் தொடங்கின. 1999ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் கட்டாயக் காப்புறுதியைக் கொண்டுவந்தது. 2013இல் ஜஹ்ரா வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவின் காலை நேரம் குடிமக்களுக்கு, மாலை மற்றவருக்கு எனப் பரீட்சித்தார்கள். 2017 ஒக்ரோபரில் கட்டணங்கள் உயர்ந்தன. 2018இல் திறந்த பிரமாண்டமான ஜாபர் வைத்தியசாலை குடிமக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. 2022 டிசம்பரில் மருந்துக்கும் தனிக் கட்டணம் வந்தது: வெளிநாட்டவர் ஆரம்ப நிலையங்களில் 5 தினார், வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் 10 தினார். நெரிசல் பற்றிய குடிமக்களின் முறைப்பாடு பொய்யென்று சொல்லமாட்டேன். நாட்டில் மூன்றில் இரண்டு பங்கினர் வெளிநாட்டவர். ஆனால் அவர்களை அழைத்தவர் யார் என்ற கேள்வி அந்த முறைப்பாட்டில் இல்லை.

பெருந்தொற்றுக் காலம் மிகவும் வெளிப்படையானது. 2020 ஏப்ரலில் ஜலீப் அல்ஷுயூக், மே இறுதியில் ஃபர்வானியாவும் கைத்தானும் தனிமைப்படுத்தப்பட்டன. ஒரே அறையில் பத்துப் பேர் படுக்கும் இடங்கள் இவை. அரசின் செயலிக்குப் பெயர் 'ஷ்லோனிக்', குவைத் அரபியில் 'எப்படிச் சுகம்' என்று அர்த்தம். சுகம் விசாரித்த அச்செயலி ஆளின் இருப்பிடத்தை விடாது பின்தொடர்ந்தது. உலகில் மிக ஊடுருவும் செயலிகளில் ஒன்றென 2020 ஜூனில் சர்வதேச மன்னிப்புச் சபை அதைச் சுட்டியது. பஹ்ரைன் செயலியோ ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியோடு இணைக்கப்பட்டது: றமழானில் வீட்டில் இருப்போருக்குப் பரிசு. இதைவிடப் பொருத்தமான சுகாதாரப் போட்டியை நான் கண்டதில்லை.

பிள்ளைகளிடம் மன்னார்க்காரரின் மீற்றர் கதையைச் சொன்னேன். கருவி வேண்டாம் என்பதல்ல எனது வாதம். அந்த 380ஐ அறியாதிருந்தால் காலே போயிருக்கும். ஆனால் கருவி காட்டியபின் மூன்று வாரம் கடந்ததே, அந்த மூன்று வாரத்துக்கு உங்கள் விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அட்டையில்லாதவளை எந்தக் கதவுக்குச் செயலி அனுப்பும்? அவள் இருக்குமிடத்தை முதலாளி கேட்டால் யார் மறைப்பார்? அவர்கள் கோபிக்கவில்லை. நெடுநேரம் விவாதித்தோம். செயலியில் பெயரும் இருப்பிடமும் பதியாதிருக்கலாம், தமிழும் சிங்களமும் அரபியும் தெரிந்த இரு பெண்களை இரவு பகலாகத் தொலைபேசியில் அமர்த்தலாம் என்ற முடிவுக்கு அவர்களே வந்தார்கள்.

நேற்று மூவரில் இளையவள் அழைத்தாள். விண்ணப்பப் படிவத்தில் கருவிக்கும் மென்பொருளுக்கும் நிரல்கள் இருக்கின்றனவாம். மொழிபெயர்ப்பாளரின் சம்பளத்தை எங்கே போடுவது என்று கேட்டாள். 'இதர செலவுகள்' என்பதற்குள் போட்டுப் பார் என்றேன். அதற்குப் பத்து வீதத்துக்கு மேல் அனுமதியில்லையாம். இன்னும் அனுப்பவில்லை.