லாக் நெஸ் ஏரியில் நெஸ்ஸி இருக்க வாய்ப்பு உண்டா? 1,100 சாட்சிகளும் சில எளிய கணக்குகளும்

அந்தப் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கறுப்பு வெள்ளைப் படம். சலசலக்கும் தண்ணீரிலிருந்து நீண்ட கழுத்தும் சின்னத் தலையும் எழுந்து நிற்கும். ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் 'நெஸ்ஸி' அதுதான். படம் போலி என்பது 1994-லேயே அம்பலமாகிவிட்டது. ஆனால் கதை முடியவில்லை. அந்த ஏரியில் விசித்திரமாக எதையோ பார்த்ததாகப் பதிவான தகவல்கள் 1,100-ஐத் தாண்டிவிட்டன. "ஒரு படம் போலியா இருக்கலாம், ஆயிரம் பேருமா பொய் சொல்வாங்க?" என்று நண்பர் ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நியாயமான கேள்விதான். சுருக்கமான பதில் இது: அவர்களில் பெரும்பாலானோர் பொய் சொல்லவில்லை, எதையோ பார்த்தார்கள். ஆனால் அந்த ஏரியில் அறிவியலுக்குத் தெரியாத பெரிய விலங்கு எதுவும் இல்லை. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏரி எவ்வளவு பெரியது?

ரொம்பப் பெரியது. நீளம் சுமார் 37 கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் சுமார் 230 மீட்டர். அகலம் பெரும்பாலான இடங்களில் 2 கிலோமீட்டருக்குள்தான். உள்ளே இருக்கும் தண்ணீர் சுமார் 7.4 கன கிலோமீட்டர். நமக்குப் பழகிய அளவில் சொன்னால் ஏறத்தாழ 260 டிஎம்சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதைப் போல இரண்டே முக்கால் மடங்கு.

சுற்றியுள்ள மலைகளிலிருந்து 'பீட்' எனப்படும் மக்கிய தாவர மண் கரைந்து வருவதால் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே கண்ணுக்கு எதுவும் தெரியாது. 'இங்கே எதுவும் ஒளிந்திருக்கலாம்' என்று தோன்றுவது இயல்பு.

கதை எப்போது தொடங்கியது?

கி.பி. 565 வாக்கில் புனித கொலம்பா இங்கே ஒரு நீர் விலங்கை விரட்டினார் என்று ஒரு பழைய வரலாறு சொல்கிறது. ஆனால் அது எழுதப்பட்டது சுமார் நூறு ஆண்டுகள் கழித்து. சம்பவ இடமும் ஏரி இல்லை, நெஸ் ஆறு. துறவிகள் கொடிய விலங்குகளை அடக்கும் காட்சி அந்தக் காலத்துப் புனிதர் வரலாறுகளில் சகஜம்.

இன்றைய நெஸ்ஸியின் பிறந்தநாள் என்றால் அது 1933 மே 2. அன்று 'இன்வெர்னஸ் கூரியர்' பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. ஏரியில் ஒரு பெரிய உயிரினம் புரண்டதை ஒரு தம்பதி பார்த்தார்கள் என்றது அந்தச் செய்தி. கவனியுங்கள், அதில் விலங்கின் உடல் திமிங்கிலத்துடன் ஒப்பிடப்பட்டிருந்தது. நீண்ட கழுத்து அப்போது இல்லை. அது சில மாதங்கள் கழித்துத்தான் சாட்சியங்களுக்குள் வருகிறது. நீண்ட கழுத்து டைனோசர் ஒன்று வரும் 'கிங் காங்' திரைப்படம் வெளியானதும் அதே 1933-இல்தான்.

அப்படியானால் அந்தப் படம்?

1933 இறுதியில் 'டெய்லி மெயில்' நாளிதழ், மர்மடியூக் வெதரல் என்ற வேட்டைக்காரரை ஏரிக்கு அனுப்பியது. அவர் பெரிய காலடித் தடங்களைக் கண்டுபிடித்தார். பரிசோதித்தால் அவை நீர்யானையின் காலடி! நீர்யானைக் காலில் செய்த அலங்காரப் பொருளைக் கரையில் அழுத்தி யாரோ உருவாக்கிய தடங்கள் அவை. வெதரல் கேலிக்கு ஆளானார்.

1934 ஏப்ரலில் அதே நாளிதழில் அந்தக் கழுத்துப் படம் வெளியானது. எடுத்தவர் லண்டன் மருத்துவர் ராபர்ட் கென்னத் வில்சன் என்று சொல்லப்பட்டதால் 'மருத்துவரின் படம்' என்றே பெயர் பெற்றது. 60 ஆண்டுகள் கழித்து உண்மை வெளியே வந்தது. வெதரலின் வளர்ப்பு மகன் கிறிஸ்டியன் ஸ்பர்லிங் கொடுத்த வாக்குமூலத்தின்படி, அது பொம்மை நீர்மூழ்கிக் கப்பலின் மேல் ஒட்டப்பட்ட செயற்கைத் தலை. வெட்டப்படாத முழுப் படத்தைப் பார்த்தாலே சந்தேகம் வரும். சுற்றியுள்ள அலைகளோடு ஒப்பிட்டால் அந்த உருவம் அவ்வளவு சிறியது.

டைனோசர் காலத்து விலங்கு ஒன்று தப்பிப் பிழைத்திருக்கலாமே?

நெஸ்ஸி ஒரு ப்ளீசியோசார் என்பதுதான் பிரபலமான ஊகம். டைனோசர் காலத்தில் நீரில் வாழ்ந்த நீண்ட கழுத்து ஊர்வன அவை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டன.

"சீலகாந்த் மீனும் அழிஞ்சுபோச்சுன்னுதான் சொன்னாங்க, 1938-ல தென்னாப்பிரிக்காவுல உயிரோட சிக்கலையா?" என்று கேட்கலாம். உண்மைதான். 2022-இல் நெஸ்ஸி ரசிகர்களுக்கு இன்னொரு உற்சாகச் செய்தியும் வந்தது. மொராக்கோவில் சுமார் 10 கோடி ஆண்டு பழமையான ஆற்றுப் படிவுகளில் சிறிய ப்ளீசியோசார் எலும்புகள் கிடைத்தன. அதாவது அவற்றில் சில நன்னீரிலும் வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

ஒன்று, ஏரியின் வயது. பனியுகத்தின்போது இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் பனிப்பாறையால் மூடப்பட்டிருந்தது. இங்கே திறந்த நீர் என்பதே கடந்த 10,000 ஆண்டுச் சமாச்சாரம். சீலகாந்துக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெருங்கடல் இருந்தது. நெஸ்ஸிக்கு 10,000 ஆண்டுகளுக்கு முன் வீடே இல்லை.

இரண்டு, கழுத்து. புதைபடிவ எலும்புகளின் அமைப்பைப் பார்த்தால், ப்ளீசியோசாரால் அன்னத்தைப் போலக் கழுத்தைத் தண்ணீருக்கு மேலே நிமிர்த்தியிருக்க முடியாது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதாவது அந்தப் புகழ்பெற்ற தோரணையே தப்பு.

மூன்று, மூச்சு. ப்ளீசியோசார் காற்றைச் சுவாசிக்கும் விலங்கு, மேலே வந்தே ஆக வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். ஏரியில் 10 விலங்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் மணிக்கு ஒரே ஒரு முறை மேலே வருகிறது என்று தாராளமாகவே விட்டுவிடுவோம். நாளுக்கு 240 முறை. வருடத்துக்கு 87,600 முறை. ஆனால் மொத்த வரலாற்றிலும் பதிவானவை 1,100 சொச்சம்தான். பெரிதாகத் தெரிந்த எண் இப்போது எவ்வளவு சிறியது பாருங்கள்.

10 எதற்கு, ஒன்றே ஒன்று இருக்கக் கூடாதா?

ஒரே விலங்கு என்றால் 1933-லிருந்து 90 ஆண்டுகளுக்கு மேலாக அது தனியாக வாழ வேண்டும். அதற்கும் அப்பா அம்மா இருந்திருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஒரு இனம் தாக்குப்பிடிக்க ஒரு கூட்டமே வேண்டும். கூட்டம் இருந்தால் சாப்பாடு வேண்டும்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. லாக் நெஸ்ஸில் சத்து குறைவு. கலங்கிய, குளிர்ந்த தண்ணீரில் பாசி அதிகம் வளராது, அதனால் மீனும் அதிகம் இல்லை. சோனார் ஆய்வுகளின் மதிப்பீட்டில் ஏரியின் திறந்த நீரில் இருக்கும் மொத்த மீன் சுமார் 20 டன். உணவுச் சங்கிலியில் ஒரு படி, அடுத்த படியில் தன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் தாங்கும் என்பது தோராய விதி. அப்படியானால் மீன் தின்னும் விலங்குகளுக்கு மொத்தமாக 2 டன். 20 விலங்குகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 100 கிலோ. இதற்குப் பெயர் ராட்சத விலங்கு இல்லை, கொஞ்சம் கனமான ஒரு மனிதரின் எடை.

தேடிப் பார்த்தார்களா?

நன்றாகவே தேடினார்கள். 1987-இல் 'ஆபரேஷன் டீப்ஸ்கேன்' என்ற பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் வரிசையாக நின்று ஏரியைச் சோனாரால் துழாவின. விளக்கம் கிடைக்காத மூன்று எதிரொலிகள் கிடைத்தன. கடலிலிருந்து ஆறு வழியாக எப்போதாவது வந்துபோகும் சீல்களாகவோ, மிதக்கும் குப்பையாகவோ அவை இருக்கலாம் என்று கருதப்பட்டது.

2003-இல் பிபிசி 600 சோனார் கதிர்களையும் செயற்கைக்கோள் வழிகாட்டலையும் கொண்டு ஏரியை ஆராய்ந்தது. கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க, நீருக்கடியில் ஒரு மிதவையைக் கட்டி வைத்துச் சோதித்தார்கள். மிதவை சிக்கியது, விலங்கு சிக்கவில்லை. 2016-இல் ஒரு நீருக்கடி ரோபோ, ஏரியின் அடியில் 9 மீட்டர் நீள 'நெஸ்ஸி'யைக் கண்டுபிடித்தே விட்டது. ஷெர்லாக் ஹோம்ஸ் படம் ஒன்றுக்காகச் செய்து, 1969-இல் படப்பிடிப்பின்போது மூழ்கிப்போன பொம்மை அது!

2018-இல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நீல் கெம்மல் வேறு வழியில் போனார். எந்த உயிரினமும் தோல், செதில், கழிவு என்று தன் டிஎன்ஏவைத் தண்ணீரில் விட்டுச் செல்லும். ஏரியின் பல இடங்களிலும் ஆழங்களிலும் சுமார் 250 நீர் மாதிரிகள் எடுத்தார்கள். அவற்றிலிருந்து சுமார் 50 கோடி டிஎன்ஏ வரிசைகளைப் படித்து, தெரிந்த உயிரினங்களோடு ஒப்பிட்டார்கள். 2019-இல் முடிவு வந்தது. மனிதர், மான், ஆடு, மாடு, பறவை, மீன் எல்லாம் இருந்தன. ஊர்வன இனத்தின் டிஎன்ஏ எதுவும் இல்லை.

அப்போ ராட்சத விலாங்கா?

விலாங்கு மீனின் டிஎன்ஏ மட்டும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் தாராளமாகக் கிடைத்தது. டிஎன்ஏ அளவைச் சொல்லாது என்பதால், பெரிய விலாங்கு என்ற சாத்தியத்தைத் தன்னால் மறுக்க முடியாது என்றார் கெம்மல். உடனே தலைப்புச் செய்திகள் பறந்தன.

2023-இல் தரவு ஆய்வாளர் ஃப்ளோ ஃபாக்ஸன் இதையும் கணக்கிட்டார். பிடிபட்ட விலாங்குகளின் நீளத் தரவுகளை வைத்துப் பார்த்தால், லாக் நெஸ்ஸில் 1 மீட்டர் விலாங்கு தென்பட வாய்ப்பு ஏறத்தாழ 50,000-க்கு 1. சில சாட்சிகள் சொல்லும் 6 மீட்டருக்கு வாய்ப்பு நடைமுறையில் பூஜ்ஜியம். ஆக, சின்னதாகத் தெரிந்த சில காட்சிகள் விலாங்காக இருக்கலாம். ராட்சதம் என்று சொல்ல வழியில்லை.

சரி, ஆயிரம் பேர் பார்த்தது என்ன?

ஏரி குறுகலானது, கரைகள் செங்குத்தானவை. படகு போன பிறகும் அதன் அலைகள் கரையில் மோதித் திரும்பி வந்து ஒன்றையொன்று சந்திக்கும். படகு கண்ணை விட்டு மறைந்த பிறகு அமைதியான நீரில் திடீரென்று கறுப்புத் திமில்கள் வரிசையாக எழும்பும். இன்னொன்று, மேலே இளஞ்சூடான நீர், கீழே சில்லென்ற நீர். இந்த இரண்டு அடுக்குகளுக்கு இடையே பெரிய அலைகள் ஆடுவதுண்டு. அந்த நீரோட்டத்தில் ஒரு மரக்கட்டை காற்றுக்கு எதிர்த்திசையில்கூட நகரலாம். 'உயிர் இருக்கிறது' என்று நினைக்க இது போதாதா? நீந்தும் மான், நீர்ப்பறவை, சீல் என்று பட்டியல் இன்னும் நீளும்.

கண் பார்த்ததை மனம் முடித்து வைக்கும். அதே 2003 நிகழ்ச்சிக்காக, சுற்றுலாப் பயணிகள் முன்னால் நீரிலிருந்து ஒரு வேலிக் கம்பத்தை உயர்த்தினார்கள். பெரும்பாலானோர் சதுரமான ஏதோ ஒன்று என்று சரியாகவே சொன்னார்கள். வரையச் சொன்னபோது பலர் வரைந்தது விலங்கின் தலையை. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, எதைப் பார்க்க வந்தார்களோ அதைப் பார்த்தார்கள். கடல் பாம்புச் சாட்சியங்களை ஆராய்ந்த சார்ல்ஸ் பாக்ஸ்டன், டேரன் நெய்ஷ் இருவரும் 2019-இல் இதே போக்கைப் பெரிய அளவில் காட்டினார்கள். ப்ளீசியோசார் புதைபடிவங்கள் பிரபலமான பிறகு, நீண்ட கழுத்து விலங்கைப் பார்த்ததாகச் சொல்லும் சாட்சியங்களின் பங்கு கூடிக்கொண்டே போனது. கடலில் இருந்தவை மாறவில்லை, பார்த்தவர்களின் மனதில் இருந்த படம் மாறியது.

இல்லை என்று நிரூபிக்க முடியுமா?

நூறு சதவீதம் முடியாது. ஆனால் 'தேடவில்லை, அதனால் கிடைக்கவில்லை' என்பது வேறு. 'இருந்தால் கட்டாயம் சிக்கியிருக்கும் என்ற அளவுக்குத் தேடியும் கிடைக்கவில்லை' என்பது வேறு. லாக் நெஸ் இரண்டாவது ரகம். ஆயிரம் மங்கலான சாட்சியங்களைக் கூட்டினால் ஒரு தெளிவான சாட்சியம் ஆகிவிடாது. எல்லாமே ஒரே மாதிரி தவறக்கூடியவை என்றால் கூட்டக் கூட்டத் தவறுதான் பெருகும். மறுபக்கம், ஒரே ஒரு எலும்பு கிடைத்தால் மேலே சொன்ன அத்தனையும் தலைகீழாகிவிடும். 90 ஆண்டுகளில் அந்த ஒரு எலும்பு வரவில்லை.

அடுத்த முறை "எத்தனையோ பேர் பார்த்திருக்காங்க" என்று ஒரு தகவல் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்போது, எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாதீர்கள். அது உண்மையென்றால் வேறு என்னென்ன கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று கேளுங்கள். அதை யாராவது தேடினார்களா என்றும் கேளுங்கள்.

என்றாவது ஸ்காட்லாந்து போனால் அர்குவார்ட் கோட்டை இடிபாடுகளில் நின்று ஏரியைக் கட்டாயம் பாருங்கள். கறுப்பாக ஏதாவது எழும்பினால் முதலில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். கடந்த கால் மணி நேரத்தில் அந்தப் பக்கம் படகு ஏதாவது போனதா என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள்.