தாய் சொன்ன தீர்ப்பு

நம் திருவதிகைக்கு அண்மையிலுள்ள கடலூரில் 1934இல் பிறந்தவர் ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் வெளியான அவரது 'அக்னிப் பிரவேசம்' தமிழ் வாசகரை இரு கூறாக்கிற்று. மழைநாளில் அயலான் ஒருவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவி, அவன் வேட்கைக்கு இரையாகி வீடு திரும்புகிறாள். தாயோ மகளின் தலையில் நீர் வார்த்து, தூயவளே எனத் தேற்றி, ஊரறியாமல் காத்துவிடுகிறாள்.

ஒழுக்கம் கெடும் எனக் கண்டனங்கள் எழுந்தன. அவற்றுக்கு விடையாகப் புதினமே பிறந்தது: 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. இதில் தாய் அலறுகிறாள், ஊரறிகிறது, தமையன் தங்கையை வீட்டைவிட்டே விரட்டுகிறான், பழி அவளை வாழ்நாளெல்லாம் தொடர்கிறது. 1972இல் இந்நூல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

இளையோர் காமத்தை எழுதுவோர் இளையோர்க்கே நீதி புகட்டுவது வழக்கம். ஜெயகாந்தன் அந்நீதியைப் பெரியோர்பால் திருப்பினார். அப்பெண்ணின் வாழ்வை வகுத்தது மழைநாள் நிகழ்ச்சி அன்று; வாசலில் அவளை எதிர்கொண்ட சொல்லே. சொல்லை ஆளும் கவிஞர்கள் இதனை நெஞ்சிற் கொள்க.