ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரை வழங்கும் அரசுத் திட்டம். மத்தூர் வட்டாரமும் இதில் அடங்கும். இம்மாவட்டங்களில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அந்நீரைக் குடிக்கும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டுகள் இறுகி முதுகு வளையும். காய்ச்சினாலும் ஃபுளோரைடு நீங்காது. ஒரு குடும்பம் தன் முயற்சியால் மட்டும் தப்ப முடியாத கொடுமை இது; அரசுதான் வழி செய்ய வேண்டியிருந்தது.

ஜப்பானியக் கடனுதவியுடன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் திட்டத்தை நிறைவேற்றியது. 2008இல் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பால் பணி தள்ளிப்போனது. 2013இல் அப்போது முதல்வராக இருந்த ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஆட்சி மாறியும் திட்டம் கைவிடப்படாதது போற்றத்தக்கது. குழாயில் தண்ணீர் வராத நாள்களில் மக்கள் பழைய கிணற்று நீருக்கே திரும்ப நேரிடுவதால், குழாய்ப் பராமரிப்பும் இங்கு நோய்த்தடுப்புப் பணியே.