சொசைட்டிக் கடன் வந்த வழி

கூட்டுறவு சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கியவர்களும் குழுவில் வாரத் தவணை கட்டுகிறவர்களும் இல்லாத ஊர் நம்மிடம் அரிது. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்டுக்கும் இத்தகைய கடனுக்கும் உறவு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டப்ளின் பேராலயக் குருவாக இருந்த அவர், சொந்தப் பணம் 500 பவுண்டை ஏழைக் கைவினைஞர்களுக்குச் சிறு கடனாகச் சுழலவிட்டார். அடமானம் கேட்கவில்லை, அக்கம்பக்கத்தார் ஜாமீன் நின்றால் போதும். பார்த்தவர்கள் பின்பற்ற, 1840களில் அயர்லாந்தில் சுமார் 300 கடன் நிதிகள் இயங்கின.

உருளைக்கிழங்குப் பஞ்சம் அவற்றில் பலவற்றைச் சாய்த்தது. அதே பஞ்ச ஆண்டுகளில் ஜெர்மனியின் வையர்புஷ் மேயர் ரைஃபைசன், ஏழைகளுக்கு மாவும் ரொட்டியும் கடனாகக் கிடைக்கச் சங்கம் அமைத்தார். தருமத்தை நம்பிய சங்கம் நிலைக்காது என்று அனுபவத்தில் கண்டு, 1864இல் ஹெடஸ்டார்ஃபில் கடன் வாங்குகிறவர்களே பொறுப்பேற்கும் சங்கத்தைத் தொடங்கினார். அதன் எல்லை ஓர் ஊர் வட்டாரம்தான். ஒருவர் கட்டத் தவறினால் எல்லோர் சொத்தும் பொறுப்பு. யார் உழைப்பாளி, யார் ஊதாரி என்று ஊருக்குத் தெரியுமே, அந்த அறிவுதான் அதன் மூலதனம்.

1892இல் சென்னை அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் கடன் முறைகளை ஆராய்ந்துவர அனுப்பிற்று. ரைஃபைசன் போன்றவர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்பதே அவர் தந்த விரிவான அறிக்கையின் சாரம். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் சங்கமும் பிறந்தது. ஆனால் சட்டத்தைக் கொண்டுவந்த வேகத்தில் ஊர்ப் பொறுப்பைக் கொண்டுவர முடியவில்லை. பல இடங்களில் சங்கம் அரசாங்கக் காரியமாகவே நின்றது. 1951-52இல் கிராமக் கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் 3 சதவீதம்தான் என்று அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு காட்டியது.

1976இல் வங்கதேசத்தின் சிட்டகாங் அருகே ஜோப்ரா கிராமத்தில் பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ் கொடுத்த சிறு கடன்கள் கிராமீன் வங்கியாக வளர்ந்தன. அங்கே ஐந்து பேர் கொண்ட குழு அந்தப் பழைய ஊர் அறிவின் இடத்தைப் பிடித்தது. 2006இல் யூனுஸுக்கும் வங்கிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் உலகெங்கும் நகல்கள் முளைத்திருந்தன. ஆந்திரத்தில் பல சிறுகடன் நிறுவனங்கள் ஒரே குடும்பத்துக்குப் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. வசூல் நெருக்கடி முற்றி, 2010இல் மாநில அரசு அவசரச் சட்டம் போட நேர்ந்தது.

ஓரிடத்தில் வென்ற திட்டத்தை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் விதிமுறையைப் படியெடுக்கிறார்கள்; அது வேர்விட்ட மண்ணைப் பார்ப்பதில்லை. அந்த மண்ணைக் காட்டுவது வரலாற்று ஆய்வு. வறுமை ஒழிப்புக்குத் திட்டம் தீட்டும் மேசையில் பொருளியல் அறிஞருக்குப் பக்கத்திலேயே வரலாற்று ஆய்வாளருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.